செக்ரட்டரி வீட்டு பதுகம்மாவும் எங்கள் ஆவாரஞ்சரிவும்

இன்று காலை காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால், காலிக் கூடையுடன் எங்கள் காலனி செக்ரட்டரியின் மனைவி விஜயா!

"உங்க களைக்காட்டுல தங்கேடு பூத்திருக்காமே? கொஞ்சம் பறிச்சுக்கட்டுமா அம்மா?"

(தெலுங்கில்தான் கேட்டார். உங்களுக்காகத் தமிழில்.)

எனக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

செகந்திராபாத் பக்கம் போலாரத்தில் எங்கள் காலனிக்குப் பின்னால் ஒரு பாறைச் சரிவு. அதன் அடியில் ஒரு சின்னக் குளம். நாங்கள் குடிவந்தபோது சரிவு முழுக்க உண்ணிச்செடிதான்.

(லாண்டானா என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும். கலர் கலராகப் பூக்கும், பக்கத்தில் வேறு எதையும் வளரவிடாது. அப்படிச் சொந்தக்காரர்கள் உங்களுக்கும் இருப்பார்கள்!)

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து அதை வேரோடு பிடுங்கினோம். கையெல்லாம் கீறல். காலியான இடத்தில் இந்த மண்ணுக்கே உரிய செடிதான் வரவேண்டும் என்று, ரயில் பாதையோரம் போய் ஆவாரை நெற்று பொறுக்கிவந்து விதைத்தேன்.

ஒன்றுகூட முளைக்கவில்லை!

அப்புறம் விசாரித்தால், ஆவாரை விதைக்குத் தோல் ரொம்பக் கெட்டியாம். வெந்நீரில் ஊறினால்தான் மனசு இரங்குமாம். அடுத்த மழைக்கு முன்னால், சுண்டலுக்குக் கடலை போடுவது போல, இட்லி குண்டானில் வெந்நீர் ஊற்றி ஊறப்போட்டேன்.

"கைக்கு இதெல்லாம்? நாளைக்கு சாம்பார்ல இதான் போடப் போறியா?" இது வீட்டுக்காரர். (செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர். 'ஏன்' என்பதற்குப் பதில் 'கைக்கு' என்றுதான் வரும்.)

"மம்மி, ஆ கின்னெலோ இட்லி வத்து, ப்ளீஸ்!" இது மகள். அந்தப் பாத்திரத்தில் இனி இட்லி வேண்டாமாம்.

ஆனால் முளைத்தது! தடுக்கி விழுந்தால் ஆவாரங்கன்று! உண்ணிச்செடியின் நிழல் போனதும், நாங்கள் விதைக்காத பண்ணைக்கீரையும் மண்ணுக்குள்ளிருந்து தானாக எழுந்து வந்தது.

ஒரே பிரச்சினை, பூக்காத நாட்களில் பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருக்காது. போன கோடையில் நடந்த காலனி மீட்டிங்கில் செக்ரட்டரி எழுந்தார்.

"பின்னாடி இருக்கறது வெறும் களைக்காடு. பாம்பு வரும். லெவல் பண்ணி லான் போடலாம். பேவர் பிளாக்ல வாக்கிங் டிராக். என்ன சொல்றீங்க?"

எங்கள் நாலைந்து பேரைத் தவிர எல்லாக் கையும் மேலே போயிற்று. தசரா முடிந்த மறுநாள் ஜேசிபி வரும் என்று முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மழை வந்தது. செடிகள் இடுப்புக்கு வளர்ந்தன. எனக்கோ ஒவ்வொரு மொட்டைப் பார்க்கும்போதும் அந்த ஜேசிபிதான் ஞாபகம் வந்தது.

இன்று பதுகம்மாவின் கடைசி நாள். தெலங்கானாப் பெண்கள் தட்டில் பூக்களைக் கோபுரமாக அடுக்கி, சுற்றி வந்து கைதட்டிப் பாடி, சாயங்காலம் குளத்தில் விடும் பண்டிகை. அதற்குத் தங்கேடு கட்டாயம் வேண்டும். தங்கேடு வேறு எதுவும் இல்லை, நம்ம ஆவாரம்பூதான்! பண்ணைக்கீரைப் பூவும் வேண்டும். அதற்கு இங்கே குனுகு என்று பெயர்.

"மார்க்கெட்ல எல்லாமே வாடிப்போச்சு அம்மா" என்றார் விஜயா.

"தாராளமா பறிங்க விஜயா காரு. ஒண்ணே ஒண்ணு, ஒவ்வொரு செடியிலயும் பாதிய விட்டுடணும். அது காய்ச்சாத்தான் அடுத்த வருஷத்துக்கு விதை."

சரிவுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். எங்கே பார்த்தாலும் மஞ்சள்!

"எங்க ஊர்லகூட இப்ப இவ்ளோ இல்லயே!"

உடனே போனை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் காலனிப் பெண்களில் பாதிப் பேர் கூடையோடு ஆஜர்!

சாயங்காலம் ஆட்டம் முடிந்து குளத்துக்குக் கிளம்பினோம். செக்ரட்டரி வீட்டு பதுகம்மாதான் இருப்பதிலேயே பெரிது. தலையில் தூக்கி வந்தவர் சாட்சாத் செக்ரட்டரியே! சரிவின் நடுவில் விஜயா நின்றார். எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏமண்டி, இங்க லான் போட்டுட்டா அடுத்த வருஷம் பதுகம்மாவுக்குப் புல்லையா அடுக்கறது?"

செக்ரட்டரிக்குத் தலையில் பூக்கோபுரம். சுற்றிலும் பெண்கள். கீழே இறக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. (நேரம் பார்த்து அடித்தார் மகராசி!)

"சரி சரி... ஜேசிபிய கேன்சல் பண்ணிடறேன். வழிய விடுங்க, கழுத்து வலிக்குது!"

நான் கத்திய கத்தலில் குளத்துக் கொக்கெல்லாம் பறந்துவிட்டது! வீட்டுக்காரர் விசில் அடித்தார். (இருபது வருஷத்தில் அவருக்கு விசில் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.)

சற்றுமுன் காலனி வாட்ஸப் குரூப்பில் செக்ரட்டரி போட்ட மெசேஜ்: "நமது தங்கேடு வனத்தில் பூப்பறிப்போர், ஒவ்வொரு செடியிலும் பாதியை விட்டுவைக்கவும்."

'நமது' வனமாம்! அந்தக் களைக்காடு எங்கே போயிற்று சார்?

கூடவே கீறல் வாங்கிய ஞாயிற்றுக்கிழமைக் கைகளுக்கெல்லாம் நன்றி. மகளுக்காக நாளைக்கே புது இட்லி குண்டான் வாங்குகிறேன். பழையது இனி விதைக்குத்தான்.

'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று நம் பக்கம் சொல்வார்கள்.

ஆவாரை பூத்திருக்க ஜேசிபி வந்ததையும் யாரும் கண்டதில்லை!