முப்பதாவது பதில்

பயிற்சி டாக்டர்கள் நாற்பது பேருக்கும் அவர் அக்கா. மருத்துவமனையின் கல்விப் பிரிவில் ஒன்பது வருடமாகக் கிளார்க். "உங்க போன் வரவே இல்லக்கா" என்று சாதித்த ஒருவனை எதிரில் நிறுத்திக் கூப்பிட்டபோது, அவன் கைபேசியில் தன் பெயர் 'எடுக்காதே' என்று மின்னுவதைக் கண்டார். கோபப்படவில்லை, வேறு எண் வாங்கிக்கொண்டார்.

சொல்லித்தருகிறவர்களைப் பற்றிக் கற்கிறவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஆன்லைன் சர்வே எடுப்பதுதான் அக்காவின் வேலை. இருபத்தெட்டுக் கேள்வி, பெயர் போட வேண்டாம், எத்தனையாவது வருடம் என்று மட்டும் போட்டால் போதும். போன வருடம் வந்தது பதினோரு பதில். இந்த முறை முப்பது வராவிட்டால் அந்த வேலையே இருக்காது என்று மேலிடம் சொல்லிவிட்டது.

"டாக்டருங்கள நோயாளிங்கதான் துரத்துவாங்க. நீ எதுக்குத் துரத்துற?" என்றார் கணவர். கேட்பார், அவருக்கென்ன.

லிப்ட்டில் மடக்கினார். கேண்டீனில் வாயில் கவளம் இருக்கும்போதே பிடித்தார். அப்படியும் இருபத்தொன்பதுதான் தேறியது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு சர்வே மூடிவிடும். நாலரைக்கு முப்பதாவது பதில் வந்து விழுந்தது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. திறந்து பார்த்தார், பால் திரிந்துவிட்டது.

'முதல் வருடம்' என்று போட்டு இருபத்தெட்டுக் கேள்விக்கும் விடை இருந்தது. எந்தப் பயிற்சி டாக்டரும் ஆறாவது கேள்வியைத் தாண்டியதாகச் சரித்திரம் இல்லை. அறுவை சிகிச்சைத் தலைவருக்கு எல்லாவற்றிலும் ஐந்துக்கு ஐந்து. 'அவர் கத்துவாரா?' என்பதற்கு, 'கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும்.' கத்தி முடித்ததும் தலைவர் தவறாமல் சொல்கிற வாக்கியம் அது. சர்வேயைத் தலைவரையும் சேர்த்துத் துறை முழுவதற்கும் அனுப்பித் தொலைத்திருக்கிறோம் என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்டும் காணாமல் விட்டால் வேலை மிஞ்சும். ஆனால் 'உண்மைய எழுதுங்க' என்று இருபத்தொன்பது பேரைத் துரத்திய வாயாயிற்றே. நேராகத் தலைவர் அறைக்குப் போய் மேசைக்கு முன்னால் நின்றார்.

"சார், முதல் வருஷத்து ஆள் ஒருத்தர் உங்கள ஆகா ஓகோன்னு எழுதியிருக்கார்."

"அப்படியா. நல்ல பிள்ளை போல."

"முதல் வருஷத்து ஆளுங்க இன்னும் உங்க வார்டுக்கே வரல சார். அடுத்த மாசம்தான் வர்றாங்க."

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்ததுதான்.

"அத எடுத்துட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணு குறையும் சார். என் வேலை போயிடும்."

தலைவர் எழுந்து வெளியே போனார். வராந்தாவில் வந்த மூன்றாம் வருடத்து டாக்டரிடம், "சர்வே நிரப்பிட்டியா?" என்றார். அவன் திருதிருவென்று விழித்தான். அவனை உள்ளே கூட்டிவந்து தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தார்.

"உள்ளத உள்ளபடி எழுது. நாங்க வெளிய நிக்கிறோம்."

வெளியே நின்று தலைவர் அறிவிப்புப் பலகையை இரண்டு தடவை படித்தார். ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அக்காவின் கைபேசியில் பதில் வந்தது. அக்கா தலைவருடையதை நீக்கினார். முப்பது முப்பதாகவே நின்றது. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். தலைவர் கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டார். 'மூன்று வருடத்தில் இன்றுதான் என்னை உட்காரச் சொன்னார்' என்றிருந்தது.

"இத யார் எழுதினது?"

"பேர் வராது சார்."

தலைவர் அறிக்கையை மூடிவைத்தார். பிறகு எதிர் நாற்காலியைக் காட்டி, "நீங்களும் உக்காருங்க" என்றார்.

ஒன்பது வருடமாக அந்த அறைக்கு வந்துபோகிற அக்காவுக்கு, அந்த நாற்காலியின் ஒரு கால் ஆடும் என்பது அன்றுதான் தெரிந்தது.