ஒன்றே முக்கால் மணித்தியாலம்

சோற்றுக் கையைக் கழுவாமலே பெரியம்மா என்னிடம் கேட்டார்: "பிள்ளை, லண்டனிலையிருந்து சூரிச் எவ்வளவு தூரம்?" யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டின் குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கைபேசியில் பார்த்துச் சொன்னேன்: "எண்ணூறு கிலோமீற்றர் வரும் பெரியம்மா. பிளேனிலை ஒண்டே முக்கால் மணித்தியாலம்."

"அப்ப, இஞ்சையிருந்து கொழும்புக்குப் போறதிலும் கெதியாப் போயிடலாம்."

"ஓம்."

அதற்குமேல் அவர் சாப்பிடவில்லை. அவருடைய மூத்த மகன் லண்டனில், இளையவர் சூரிச்சில். இளையவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது, அண்ணனைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று அன்று காலையில்தான் மருமகள் அழைத்துச் சொல்லியிருந்தார். மூத்தவர் தம்பியோடு கதையாமல் விட்டுப் பல வருடங்கள். காரணம், தம்பி மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டு அழைப்பிதழில் தன் பெயரைக் கடைசியில் போட்டுவிட்டார்களாம். இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது.

பெரியம்மா லண்டனுக்கு அழைத்தார். "ஒருக்காப் போட்டு வா மோனை. அவன் உன்ரை முகத்தைப் பாக்கவேணுமாம்."

"உவன் முதல் மன்னிப்புக் கேக்கட்டும்" என்றார் மூத்தவர்.

இளையவர் கேட்டார். குரல் எழும்பாத நிலையில், மனைவி கைபேசியைப் பிடித்திருக்க, தன் அண்ணனிடம் கேட்டார். "ஃபோனிலை கேட்டால் காணுமோ, நேரிலை வந்து கேக்கவேண்டாமோ?" என்று மூத்தவர் பெரியம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அன்று எழுந்த அருவருப்பு இன்றும் அடங்கவில்லை. பகைக்குக்கூட ஒரு கனம் இருக்கவேண்டும். இதில் வெறும் பவுசுதான் இருந்தது.

அண்ணன் வராமலே தம்பி செத்துப்போனார். செத்தவீட்டுக்கும் அவர் போகவில்லை. லண்டனில் சோபாவில் இருந்தபடி நேரலையில் பார்த்தார். பெரிய மலர்வளையம் ஒன்று அனுப்பினார்.

ஆனால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு யாழ்ப்பாணம் வந்தார். கொக்குவில் சந்தியிலிருந்து வீட்டுப் படலைவரை பதாகைகள். 'ஆருயிர்த் தம்பிக்குக் கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்தின் கீழே தம்பியின் படம் சிறிதாக, அவருடைய படம் பெரிதாக. மதியச் சாப்பாட்டுக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. காணொளி எடுப்பவர் பந்திக்குள் நடந்து திரிந்தார். மூத்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பதினொரு மணித்தியாலம் பிளேனிலை இருந்தது. காலெல்லாம் வீங்கிப் போச்சு. தம்பிக்காக இதைக்கூடச் செய்யாட்டி?" என்று வருவோர் எல்லாரிடமும் சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு பாயசம் குடித்தார்கள். குடித்தவர்களில் நானும் ஒருத்தி.

பெரியம்மாவுக்கு மாலை போட்டு அருகில் நின்று படம் எடுக்க அவர் வந்தார். பெரியம்மா மாலையைக் கையால் விலக்கினார். சத்தம் போடவில்லை. மகனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நீ பிழையான ஊருக்கு வந்திட்டாய் மோனை."

பந்தியில் இருந்தவர்களின் கை இலையிலேயே நின்றது. மூத்தவர் சிரித்தார். பிறகு காணொளிக்காரரிடம் திரும்பி, "தம்பி, உதிலை சத்தத்தை எடுத்துப்போட்டு ஒரு தேவாரம் போட்டுவிடும்" என்றார்.

அந்தக் காணொளி சென்ற கிழமை எனக்கும் வந்தது. பெரியம்மாவின் வாய் அசைகிறது, தேவாரம் கேட்கிறது. கீழே லண்டன் உறவுக்காரர் ஒருவர், 'மகனை வாழ்த்தும் தாய்' என்று எழுதியிருக்கிறார்.