பால் பூசிய கட்டைவிரல்

மைப்பெட்டியைத் திறந்தாலே, மலேசியாவின் ஈப்போவில் என் வக்கீல் அறைக்குள் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்துப் பால் கொட்டகை வந்துவிடும்.

நான் பள்ளியில் படித்தபோது ஒருநாள், தோட்டத்துக் கணக்கரான கிராணி பால்வெட்டுப் பெண்களிடம் ஒரு தாளை நீட்டினார். “பேர் பதியத்தான்லா. எல்லாரும் கட்டைவிரல வைங்க.”

“என்னா எழுதியிருக்கு கிராணி?” என்று அம்மா கேட்டாள்.

“அதெல்லாம் உனக்கெதுக்கு?”

அம்மா கட்டைவிரலை ரப்பர் பால் வாளியில் முக்கினாள். ரேகையை மூடித் தோலாகப் படியும்படி ஊதிக் காயவைத்து, மையில் தொட்டுத் தாளில் அழுத்தினாள். ரேகையே இல்லாத கறுப்புப் பொட்டு விழுந்தது. பின்னால் நின்ற பெண்களும் வாளியில் விரலை விட்டார்கள்.

“படிச்சுக் காட்டுங்க. ரேகை தன்னால வரும்,” என்றாள் அம்மா.

“நீயே படிச்சுக்க!” தாளை வீசினார் கிராணி.

அம்மா அதை என்னிடம் கொடுத்தாள். ஐந்தாம் வகுப்பில் கற்ற மலாய் மொழியை வைத்துத் தடுமாறித் தடுமாறி வாசித்தேன். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சம்மதம் என்றிருந்தது. அதற்குப் பிறகு ஒருத்தியும் விரல் வைக்கவில்லை.

இப்போது கைநாட்டு வைக்க வந்து எதிரே உட்கார்ந்திருக்கும் அக்கா, பத்திரத்தை நான் எடுக்குமுன்பே விரலை நீட்டுகிறார்.

“பொறுங்கக்கா, மொதல்ல படிச்சுக் காட்டுறேன்.”

எத்தனையோ நீதிபதிகள் முன்னால் வாதாடிவிட்டேன். அந்த வாளியைச் சுற்றி நின்ற பெண்களைப் போல் இன்னும் யாரும் என்னைக் காதுகொடுத்துக் கேட்கவில்லை.