பகலில் மட்டும் தங்கமான பிள்ளை

எங்கள் தொழிலில், காலை ஏழு மணிக்குக் கேட்டடியில் வந்து நிற்கிற முகத்தைப் பார்த்தே அந்த வீட்டில் முந்தின இரவு எத்தனை மணிவரை விளக்கெரிந்தது என்று சொல்லிவிடலாம். தொழில் என்று பெரிதாகச் சொல்கிறேன். பிள்ளை பார்ப்பதுதான். வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைக் காலையில் வாங்கி வைத்திருந்து சாயங்காலம் திருப்பிக் கொடுப்பது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஆரம்பித்தேன். ஆறு வருஷமாகக் கிள்ளான் பக்கம், பண்டமாரானில். எல்லோருக்கும் நான் மெர்சி ஆன்டி. ஒரே சமயத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் வாங்குவதில்லை. எனக்கு இருப்பது இரண்டு தோள். மூன்றாவது பிள்ளைக்கு என் கணவர் ஜேக்கப்பின் தோள்.

நீங்களும் ஒரு கைக்குழந்தையின் வயிற்றுக் காற்றோடு மல்லுக்கட்டியவர் என்றால் இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். தூக்கம் வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டாவது படியுங்கள்.

நுரை

நாசர் கிள்ளான் டவுனில் ஓர் உணவகத்தில் தே தாரேக் என்கிற பால் டீ ஆற்றுகிறவர். அவருடைய மகளுக்கு அப்போது இரண்டு மாதம். காலையில் வீட்டிலேயே பால் கலக்கி போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து தருவார். அதைக் குடித்த பத்தாவது நிமிஷம் பிள்ளையின் வயிறு கல் மாதிரி ஆகிவிடும். காலை மடக்கிக்கொண்டு அலறும். தோளில் போட்டுத் தட்டினேன், மடியில் குப்புறப் போட்டு முதுகைத் தடவினேன், இரண்டு காலையும் பிடித்து சைக்கிள் மிதிக்க வைத்தேன். ஏப்பம் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. இத்தனை சின்ன வயிற்றுக்குள் இவ்வளவு காற்று எப்படிப் போனது? போத்தல் ரப்பரின் ஓட்டையைக்கூடச் சோதித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஒருநாள் அவசரத்தில் பால் கலக்காமல் வந்துவிட்டார். “ரெண்டு நிமிசம் ஆன்டி, இங்கேயே போட்டுடறேன்” என்று என் சமையலறைக்குள் போனார். எட்டிப் பார்த்தேன். என்னுடைய இரண்டு பெரிய கோப்பைகளை எடுத்து, ஒரு கையைத் தலைக்கு மேலேயும் ஒரு கையை இடுப்புக்குக் கீழேயும் வைத்துக்கொண்டு, மகளின் பாலை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை. மேலே ஓர் அங்குலத்துக்கு நுரை! அந்த நுரை முழுக்கக் காற்று, அதுதான் பிள்ளையின் வயிற்றைப் போட்டு உலுக்குகிறது, மெதுவாகக் கலக்கிப் போத்தலைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் சூடு தானாக இறங்கும் என்று எடுத்துச் சொன்னேன். நாசர் கோப்பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “நுரை இல்லாம குடுத்தா குடிக்கிறவங்க திட்டுவாங்களே ஆன்டி?”

மெட்டு

அதே பிள்ளையின் அம்மா ஒரு சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடின பாட்டை முணுமுணுத்தபடி ஹாலில் நடந்துகொண்டிருந்தேன். தலையில் துணி போட்ட பெண் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. சட்டென்று நிறுத்தினேன். பிள்ளை கண்ணைத் திறந்தது. அவள் பதறிப்போய்க் கையை ஆட்டினாள். “நிறுத்தாதீங்க ஆன்டி! இப்பதான் கண்ண மூடுனா. யாரு பாட்டுன்னு அவ எழுந்தப்புறம் பேசிக்கலாம்.”

தோராயமாக

இது பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்தபோது. செந்தில் கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். மனைவிக்கும் அதே வேலை. முதல் பிள்ளை, ஊரில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரும் போனில். பயம் இருக்காதா? மனிதர் எல்லாவற்றையும் கட்டம் போட்டுக் குறித்து வைத்தார். குடித்த பால் எவ்வளவு, தூங்கியது எத்தனை நிமிஷம், ஏப்பம் எத்தனை, பெரியதா சின்னதா. பால் குடித்ததும் இருபது நிமிஷம் நிமிர்த்திப் பிடியுங்கள் என்று சொன்னால், போனில் கடிகாரத்தை ஓடவிட்டுக்கொண்டு சிலை மாதிரி நிற்பார்.

தினமும் மத்தியானம் கேள்விகள் வரும். ஒருநாள் அவர் பையன் விட்ட ஏப்பத்தில் வீடே அதிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் நானே செந்திலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். கடிகாரத்தைப் பார்க்கவில்லையே தம்பி என்றேன். கட்டத்தைத் திறக்கிற கீபோர்டுச் சத்தம் கேட்டது. “பரவால்லீங்க ஆன்டி, தோராயமா சொல்லுங்க.”

தங்கம்

யஷ்வின் என்னிடம் வந்தபோது மூன்று மாதம் முடிந்திருந்தது. அம்மா புஷ்பா பக்கத்து ஊர் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அந்த இடத்துக்கு வர ஏழு வருஷம் ஆனது அவளுக்கு. அப்பா குணா துறைமுகத்தில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். யஷ்வினைப்போல ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. எட்டரைக்கு ஸ்பிரிங் தொட்டிலில் போட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, அதை ஆட்டுகிற மோட்டாரைத் தட்டிவிட்டால் போதும். கொஞ்சம் அசைந்தால் அரைத்தூக்கத்திலேயே பாலைக் கொடுப்பேன். கண்ணைத் திறக்காமலே குடித்துவிட்டு மறுபடி தூங்குவான். தூங்குகிறவனைத் தூக்கித் தட்டி ஏப்பம் எடுக்க யாருக்கு மனசு வரும்? அப்படியே விட்டுவிடுவேன். போட்டோ எடுத்து வாட்சப்பில் புஷ்பாவுக்கு அனுப்புவேன். சாயங்காலம் அவள் வந்ததும், “இங்க அழுவுற சத்தமே இல்லம்மா, தங்கம்” என்பேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது, ஒளிப்பானேன்.

அந்தத் தங்கம் வீட்டுக்குப் போனால் பத்து மணிக்கு ஆரம்பிக்குமாம். வயிற்றை முறுக்கிக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டு, விடிகாலை நாலுவரை. குணா ஏழரை மணிக்கு லோரியை எடுக்க வேண்டும். ஒரு காலையில் புஷ்பா போனைத் திறந்து காட்டினாள். வேலையை விட்டு விலகும் கடிதம், தேதி மட்டும் போடாமல். அடுத்த மாதக் கடைசிவரை பார்க்கப்போகிறாளாம். பக்கத்தில் நின்ற குணா, சிவந்த கண்ணோடு என் தொட்டிலை உற்றுப் பார்த்தார். “சாயங்காலம் எங்ககிட்ட வேற பிள்ளைய மாத்திக் குடுத்து அனுப்புறீங்களா ஆன்டி?”

பை

டாக்டரிடம் இரண்டு தடவை காட்டிவிட்டார்கள். எடை நன்றாக ஏறுகிறது, நோய் ஒன்றும் இல்லை, வெறும் காற்றுதான் என்று ஏதோ சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். ஆனால் கண்விழிக்கிறவர்களுக்கு ஒரு மருந்து போதுமா? யஷ்வினோடு வரும் பை வாரத்துக்கு வாரம் வீங்கியது. கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், தொப்புளைச் சுற்றிப் பூசப் பெருங்காயம், கோயிலில் மந்திரித்த கயிறு, நாசரின் மனைவி கொண்டுவந்து கொடுத்த ஓதிய தண்ணீர், கூட வேலை செய்கிற சீனத்தி தந்த ஒரு பச்சை எண்ணெய். நான் பெரிய மனுஷியாக உட்கார்ந்து, டாக்டர் சொல்லாதது எதுவும் பிள்ளையின் வாய்க்குள் போகக்கூடாது, காரமான எண்ணெய் அந்தத் தோலுக்கு ஆகாது என்று பாடம் நடத்தினேன். நடத்திவிட்டு அவன் தலையில் கைவைத்து என் பங்குக்கு ஒரு ஜெபமும் செய்தேன்.

ஒரு புதன்கிழமை புஷ்பா தனியாக வந்தாள். முந்தின நாள் துறைமுகக் கேட்டில் வரிசையில் நிற்கும்போது குணா ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கிவிட்டாராம். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தும் எழவில்லையாம். ஒருவர் இறங்கி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். பாசாரில் மீன் வாங்கின கதையைச் சொல்வதுபோல அவள் சொன்னாள். என் முகம் போன போக்கைப் பார்த்து அவளே எனக்குச் சமாதானமும் சொன்னாள். “லோரி நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு ஆன்டி, ஓடிக்கிட்டு இல்ல.”

கரண்ட் இல்லாத நாள்

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு வரிசையில் கேபிள் மாற்ற வேண்டும் என்று காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை கரண்டை நிறுத்தினார்கள். மோட்டார் நின்றது. காற்றாடியும் நின்றது. பண்டமாரான் வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரைச்சீலை, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டேன். யஷ்வினைக் கையால் ஆட்டிப் பார்த்தேன். அரைமணி தூங்கினான், வியர்த்து எழுந்துவிட்டான். வேறு வழியில்லாமல் போர்ச்சில் பாய் விரித்துக் குப்புறப் போட்டேன். தலையைத் தூக்கிக்கொண்டு, ரோட்டைத் தோண்டுகிறவர்களைப் பார்த்து ஒரே கூச்சல், சிரிப்பு. முழிப்போடு மடியில் உட்காரவைத்துப் பால் கொடுத்ததால் நடுவிலும் முடிவிலும் தோளில் போட்டுத் தட்டினேன். அவன் விட்ட ஏப்பத்தில் ஜேக்கப் பேப்பரை இறக்கிவிட்டு யார் என்று பார்த்தார். சாயங்காலம் எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது. அன்றைக்குப் போட்டோவும் அனுப்பவில்லை, போனில் சார்ஜ் இல்லை.

மறுநாள் காலை கேட்டடியில் நின்ற முகத்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை. பவுடர் போட்டிருந்தாள், பொட்டு நேராக இருந்தது. ஒன்பதரைக்குப் படுத்தவன் இரண்டே தடவைதான் எழுந்தானாம், பால் குடித்துவிட்டு உடனே தூங்கிவிட்டானாம். குணா தூங்கிய தூக்கத்தில் அலாரம் அடித்தே ஓய்ந்துவிட்டதாம். “அந்த டிராப்ஸ் ஒருவழியா கேட்டுருச்சு ஆன்டி!”

சும்மா இருந்த நாட்கள்

நானும் அப்படித்தான் நினைத்தேன். கரண்ட் வந்தாயிற்று, மோட்டார் ஓடியது, தங்கம் ஐந்துவரை தூங்கியது. வியாழக்கிழமை காலை பொட்டு மறுபடி கோணல். வெள்ளிக்கிழமையும் அப்படியே. அதே மருந்து, அதே அளவு.

அன்று மத்தியானம் போனை எடுத்து, நான் புஷ்பாவுக்கு அனுப்பிய போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பது பத்து, பதினொன்று நாற்பது, இரண்டேகால், நாலரை. ஒரே தொட்டில், அதே மூடின கண். ஒரு நாளைக்குப் பிள்ளைக்கு இருக்கிற தூக்கத்தையெல்லாம் என் வீட்டில் தீர்த்துவிட்டு, நான் எடுக்காமல் விட்ட ஏப்பத்தை மட்டும் வயிற்றில் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். உடனே சொன்னேனா? இல்லை. மெர்சி ஆன்டி கைபட்டால் எந்தப் பிள்ளையும் தூங்கும் என்று வாங்கின பேர் என்னாவது? பகலெல்லாம் அவன் முழித்திருந்தால் என் இடுப்பு என்னாவது? ஜேக்கப்பிடம் மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் பையன் லோரி ஓட்டுறான். நீ பேர பத்திப் பேசுற.”

கேட்டடியில்

திங்கட்கிழமை காலை கேட்டைத் திறக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். புஷ்பா கேட்டுக்கொண்டு நின்றாள். “சரி ஆன்டி” என்று பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அந்தச் ‘சரி’ நாள் முழுக்க என் காதிலேயே இருந்தது.

அன்றே மோட்டாரைக் கழற்றினேன். கிளினிக்கில் நர்ஸ் மிஸ்ஸியிடமும் கேட்டுக்கொண்டேன். பகலில் வெளிச்சம், பேச்சு, விளையாட்டு. தூக்கம் நீண்டுகொண்டே போனால் மெதுவாக எழுப்பிவிடுவது. முழிப்போடு பால், ஒவ்வொரு தடவையும் ஏப்பம். தூங்குகிற பிள்ளையை எழுப்ப முதலில் என் கையே கூசியது. ஒரே நாளில் ஒன்றும் மாறிவிடவில்லை. முதல் நாலு இரவும் பழைய கதைதான். அப்புறம் இரண்டு மணிவரை என்றானது, அப்புறம் பன்னிரண்டு. இரண்டாவது வாரம் முடியும்போது, குணா என்னைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு அவர் கண் வெளுத்திருந்தது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் புஷ்பா வந்தாள். யஷ்வின் அவளைப் பார்த்ததும் என் இடுப்பில் இருந்தபடியே காலை உதைத்துத் துள்ளினான். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போர்ச் படியில் உட்கார்ந்தாள். கடிதத்தை அழித்துவிட்டேன் என்றாள். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. என்னால் உங்கள் இரண்டு பேருடைய தூக்கமும் போச்சும்மா, மன்னித்துக்கொள் என்றேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள், கண் நிறைந்துவிட்டது. “தூக்கம் போனதுக்காகவா ஆன்டி லெட்டர் எழுதுனேன்? உங்ககிட்ட ஒருநாள்கூட அழுவுல, என்கிட்ட வந்தா மட்டும் அழுவுறான்... அவனுக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சிட்டேன்.”

இருபது வருஷமாகப் பிள்ளைகளைத் தூங்கவைப்பதில் கெட்டிக்காரி என்று பேர் வாங்கியிருக்கிறேன். அந்தத் தூக்கத்தில் எவ்வளவு, பிள்ளைகளைப் பெற்றவர்களுடையது என்று மட்டும் தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள்.