நின்ற இடத்தில் இருபத்தேழாயிரம் அடி

பரோட்டா மாஸ்டர் ஒல்லியாக இருந்தால் அந்தக் கடைக்குக் கூட்டம் வராது. எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். செய்கிறவனே சாப்பிடாத பண்டத்தை வேறு யார் நம்பித் தின்பார்கள்? அந்த வகையில் உத்திரமேரூர் பாய் கடைக்குப் பதினெட்டு வருடமாக நான்தான் விளம்பரப் பலகை. தொண்ணூற்றாறு கிலோவில் கல்லுக்கு முன்னால் நிற்பேன். தெருவில் போகிறவர்கள் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள், அப்புறம்தான் கடையின் பெயரைப் படிப்பார்கள்.

மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு, அது காட்டும் எண்ணைப் பார்த்துவிட்டுச் சோற்றில் கை வைக்கும் அன்பர்களே, இது உங்களுக்காக எழுதுவது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், தடையில்லை.

எண்பத்தைந்துக்குக் கீழே

என் அக்கா ரெஜினாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். சொந்தத்தில் எல்லாப் பரிசோதனையிலும் பொருந்தி வந்தவன் நான் ஒருவன்தான். சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், "எப்ப வேணா எடுத்துக்கோங்க சார்" என்று வீரமாகச் சொன்னேன். அவர் எடை மெஷினைக் காட்டினார்.

ஏறினேன். எண்பத்தைந்துக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். இந்த உடம்போடு ஒன்றைக் கொடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் ஒன்றும் நாளைக்குக் கெட்டுப்போகும், அப்புறம் உனக்கு யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அக்காவால் எத்தனை மாதம் தாங்க முடியும் என்று நான் கேட்டதற்கு, "சீக்கிரம் இளைங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் காவாந்தண்டலத்தில் அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போய்விட்டால் எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் இந்த அக்காதான். என் உடம்புக்கு அஸ்திவாரம் அவள் போட்டது. அதை நினைத்துக்கொண்டே வெளியே வந்து விஷயத்தைச் சொன்னேன். மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு இந்தத் தொப்ப யாரு உசுரயாவது வாங்கும்னு நெனச்சேன். அது என் உசுரா இருக்கும்னு நெனைக்கலடா தாசு."

எரித்ததும் தின்றதும்

அக்கா மகள் ஜெனி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சம்பளம் வந்த கையோடு ஒரு பட்டை வாங்கி வந்து என் இடது மணிக்கட்டில் கட்டினாள். தின்பதை எல்லாம் போனில் போட வேண்டும். எத்தனை அடி நடந்தேன், எவ்வளவு கலோரி எரித்தேன் என்பதைப் பட்டையே போனுக்குச் சொல்லும். கூட்டிக் கழித்து, இன்றைக்கு இன்னும் இவ்வளவு தின்னலாம் என்று போன் எனக்குச் சொல்லும். என் போனில் வருவது அவள் போனிலும் தெரியும்படி இணைத்தும் வைத்தாள்.

முதல் நாள் வேலை முடிந்து பார்த்தால் இருபத்தேழாயிரம் அடி! எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. நிறைய உழைத்திருக்கிறீர்கள், மூவாயிரத்துச் சொச்சம் கலோரி வரை சாப்பிடலாம் என்று போன் சொன்னது. இவ்வளவு அன்பாக எந்த டாக்டரும் என்னிடம் பேசியதில்லை. ஆனாலும் நான் கட்டுப்பாடானவன். அந்த எண்ணுக்கு எத்தனை பரோட்டா, எவ்வளவு சுக்கா, எத்தனை ஆம்லெட் என்று பார்த்துச் சரியாகச் சாப்பிட்டேன். ஒரு வாய் கூடுதல் கிடையாது. மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸில் இருந்தே ஜெனி கூப்பிட்டாள்.

"மாமா, எங்க கம்பெனில மாரத்தான் ஓடற சாரு கூட இவ்ளோ அடி போனதில்ல. நீ நல்லா துன்னு மாமா."

மூன்றாவதைக் கல்லிலேயே வைங்க

பட்டை கட்டியவனுக்குப் பட்டை கட்டியவன் உறவு. எங்கள் கடைக்கு வாடிக்கையாக வரும் சர்வேயர் ஒருவர் என் கையைப் பார்த்ததும் தன் சட்டைக் கையை மேலே தள்ளித் தன்னுடையதைக் காட்டினார். அவருக்குச் சர்க்கரை. ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி நடந்தால் இரண்டு பரோட்டா, பத்தாயிரம் நடந்தால் மூன்று என்று வீட்டில் அனுமதி வாங்கி வைத்திருந்தார். அனுமதி கொடுத்த அம்மாளும் போனில் பார்த்துக்கொண்டே இருப்பாராம்.

ஒரு நாள் இரண்டைத் தின்றுவிட்டுப் பட்டையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. கையைக் கழுவக் கூட இல்லை. எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடை வாசலுக்கும் எதிரே மருந்துக் கடைக்குமாக நடக்க ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். யாரோ பணம் கொடுக்காமல் ஓடப் பார்க்கிறார் என்று நினைத்து பாய் கல்லாவில் இருந்து எழுந்தே விட்டார். சர்வேயர் நடந்தபடியே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னும் நானூறு அடிதான் கீது மாஸ்டர், மூணாவதக் கல்லுலயே வைங்க, ஆறிடப் போவுது!"

தனி அறை

ஒரு மாதம் கழித்துச் சென்னைக்குப் போனோம். நான் துள்ளிக்கொண்டு ஏறினேன். மெஷின் தொண்ணூற்றெட்டு என்றது. இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். செருப்பின் எடை ஒன்றும் இரண்டு கிலோ இல்லை என்பது தெரிந்தது.

டாக்டர் எண்ணைக் குறித்துக்கொண்டார். அங்கே தானம் கொடுப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் மேடம் ஒருவர் இருக்கிறார். அவர் என்னை மட்டும் ஒரு அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் கொடுத்தார். கொடுக்கப் பயந்துபோய், வாயால் சொல்ல முடியாமல், எடையை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களை அவர் பார்த்திருப்பார் போல. என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். கொஞ்சம் கூடக் குற்றம் சொல்லாத குரலில் பேசினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"இஷ்டம் இல்லன்னா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க தாஸ். இன்னொரு டெஸ்ட் எடுத்தோம், அதுல ஒத்து வரலைன்னு நாங்களே உங்க அக்காகிட்ட சொல்லிடுவோம். வேற யாருக்கும் தெரியாது."

இல்லை மேடம், இல்லை மேடம் என்று எத்தனை தடவை சொன்னேனோ. பரோட்டா மாஸ்டர் அழுது அவர் பார்த்திருக்க மாட்டார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். செங்கல்பட்டு தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"பயமாகீதாடா? பயமா இருந்தா வாணாம். நான் ஒன்னும் நெனச்சிக்க மாட்டேன்."

பாய் போன தூரம்

மறுநாள் மாவு பிசைய உட்கார்ந்தேன். மாவு ஒட்டும் என்று பட்டையைக் கழற்றிக் கல்லா மேஜையில் வைப்பது வழக்கம். அன்றைக்குக் கரண்டும் இல்லை. நான் உர்ரென்று இருப்பதைப் பார்த்த பாய், "இன்னாத்துக்குடா இவ்ளோ பேஜாரு?" என்று கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார். கேட்டபடியே என் பட்டையை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டார். அந்தக் கையால்தான் விசிறிக்கொண்டும் இருந்தார்.

அரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. பாய் விசிறியைக் கீழே வைத்துவிட்டுப் பட்டையைப் பார்த்தார். மூவாயிரத்து இருநூறு அடி. அவர் இடுப்பு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. எனக்குச் சுருக்கென்றது. மாவை அப்படியே போட்டுவிட்டுப் பட்டையைக் கட்டிக்கொண்டு கல்லுக்கு முன்னால் நின்றேன். வெறும் கல்லில் இரண்டு தகடுகளை வைத்துக் கொத்து பரோட்டா போடுவது மாதிரி தட்டினேன். எண் ஓடுகிறது! பரோட்டாவை வீசினால் நடை, அடுக்கி வைத்து இரண்டு பக்கமும் அடித்தால் வேக நடை, கொத்தினால் ஓட்டம். ஒரு மாதமாக நான் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. கைதான் சென்னைக்கும் திண்டிவனத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. வயிறு அதற்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பாய் பட்டையைக் கழற்றச் சொல்லி என் கணுக்காலில் கட்டினார். அதற்குப் பிறகு அன்றைக்கு வேலை முடியும்வரை ஏறியது இரண்டாயிரத்து எண்ணூறு அடிதான்.

"நாற்காலில குந்திக்கினே நான் பஸ் ஸ்டாண்டு போய் வந்துகிறேன் நைனா. நீ இத்த நம்பி சுக்கா துன்னியா?"

செல்வியின் வாளி

ஆஸ்பத்திரி டயட்டீஷியன் அம்மாவிடம் போனில் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, பட்டை எரித்ததாகச் சொல்வதை இனிமேல் சாப்பாட்டோடு கூட்டவே வேண்டாம் என்றார். நாளைக்கு ஆயிரத்து அறுநூறு, அவ்வளவுதான். நடந்தாலும் அதே, நடக்காவிட்டாலும் அதே. விடியற்காலையில் ஏரிக்கரையில் நிஜமாகவே நடக்க ஆரம்பித்தேன். பட்டை மூன்றாயிரம் காட்டுவதற்குள் நாக்குத் தள்ளியது. கையால் நடந்த காலமே சுகம்.

அப்படியும் இரண்டு வாரத்தில் அரைக் கிலோதான் இறங்கியது. நான் தின்பதைப் போனில் ஒன்று விடாமல் போட்டு வந்தேன். பொய் இல்லை. கடையில் பாத்திரம் கழுவும் செல்விக்கு மட்டும் சந்தேகம். ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு வாளியோடு வந்து என் முன்னால் கவிழ்த்தாள். அத்தனையும் ஸ்பூன்கள். சால்னாவில் உப்பு சரியா, காரம் சரியா, குருமா கெட்டியா என்று நான் நக்கிப் பார்த்துவிட்டுப் போட்டவை. அவற்றைக் கழுவாமல் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறாள்.

ருசி பார்ப்பது சாப்பாட்டில் சேருமா, அன்பர்களே? பதினெட்டு வருடத்தில் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அது வேலை. பிய்ந்து போன பரோட்டாவை வாயில் போட்டுக்கொள்வதும் வேலைதான். இல்லாவிட்டால் அதை எங்கே வைப்பது? செல்வி விடவில்லை. அன்றிலிருந்து உப்புப் பார்க்கும் பதவி அவளுக்குப் போனது. சால்னா முன்னைவிட நன்றாக இருப்பதாகப் பேச்சு. அதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"ஒன்னுமே துன்னலன்னு சொல்றியே அண்ணே, இந்த நாப்பத்தோரு ஸ்பூனு சால்னாவ எந்த சாமி வந்து துன்னுட்டுப் போச்சு?"

ஈரப்பதம்

வீட்டு மெஷினை நம்பாமல் வாரா வாரம் நெல் கொள்முதல் செய்யும் இடத்துக்குப் போய் எடை பார்த்தேன். நவரை அறுவடை நேரம். களத்தில் நெல் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மூட்டையாக நானும் வரிசையில் நின்றேன். தொண்ணூற்று மூன்று, தொண்ணூறு, எண்பத்தெட்டு என்று இறங்கியது. அப்புறம் எண்பத்தாறில் வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்று வாரம் அசையவில்லை. அந்த மூன்று வாரத்தில் அக்காவை இரண்டு தடவை மூச்சுத் திணறலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். எனக்கு ஒரு வாய் இட்லியைப் பார்த்தாலும் கோபம் வந்தது. நாலாவது வாரமும் எண்பத்தாறு. தராசை விட்டு இறங்காமல் அப்படியே நின்றுவிட்டேன். மூட்டை தூக்குபவர் ஒருவர் என் முதுகில் தட்டினார்.

"இன்னா மாஸ்டர் மூஞ்சி இப்டி கீது? நெல்லுக்குக் கழிக்கிறாமாரி ஈரப்பதத்துக்குன்னு ரெண்டு கிலோ கழிச்சிக்கினா நீங்க தேறிட்டீங்க, எறங்குங்க!"

அதே அறை, அதே மேடம்

ஆறாவது மாதம் எண்பத்து நாலரை. மெஷின் நின்ற பிறகும் நான் மூச்சு விடவில்லை. மறுபடியும் அதே மேடம் தனி அறைக்குக் கூப்பிட்டார். இது எல்லோரிடமும் கேட்க வேண்டிய கேள்வி என்று சொல்லிவிட்டு, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார். "பரோட்டாவ வுடச் சொல்லித்தான் கட்டாயப்படுத்துனாங்க மேடம், கிட்னிய நானாத்தான் குடுக்கறேன்" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

ஆபரேஷன் முடிந்து ஆறாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகமூடி மாட்டிக்கொண்டு, அக்கா இருந்த அறையின் கதவோரம் போய் நின்றேன். மூன்று வருடமாகச் சோற்றைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு இருந்தவள். அன்றைக்குக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து தட்டை வழித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்து பழைய அக்கா தெரிந்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன்டா தாசு, அது உள்ள வந்ததுலேர்ந்து எனக்குப் பசி தாங்கல. நீ குடுத்தது கிட்னியா, இல்ல உன் இன்னொரு வயிறா?"

அன்பர்களே, ஆறு மாதம் எண்ணி எண்ணிக் குறைத்த எடை என்றைக்கு வேண்டுமானாலும் திரும்பி வந்துவிடும். அக்காவிடம் போன அந்த நூற்றைம்பது கிராம்தான் நான் நிரந்தரமாக இளைத்தது.