அம்மாவைச் சேர்க்காத பதில்

கோவை காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் அந்தப் பயிற்சி வகுப்பு நடந்தது. மருத்துவக் கல்லூரி நேர்முகத்துக்கு அழைப்பு வந்தவர்கள் மட்டும் அதில் சேரலாம். நான் விண்ணப்பித்திருந்தது வேறு மாவட்டத்தில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற கல்லூரி. அப்போதெல்லாம் மதிப்பெண்ணோடு விட்டுவிடாமல், ஆளையும் எதிரே உட்காரவைத்துப் பேசிப் பார்த்துத்தான் அங்கே எடுப்பார்கள். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். மிச்சமிருந்தது அந்தப் பேச்சு மட்டும்தான். எனக்கு வராததும் அதுதான்.

முதல் நாள் பயிற்சி ஆசிரியர் எங்கள் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார். ஏன் டாக்டராக வேண்டும்? எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஏழைகளுக்குச் சேவை செய்யப் போவதாகச் சொன்னார்கள். என் முறை வந்தபோது நானும் அதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“இது உன் பதில் இல்லம்மா. இந்த ரூம்ல இருக்கற எல்லாரோட பதிலும் இதுதான். உங்க வீட்ல என்ன பண்றாங்க?”

“சோமனூர்ல விசைத்தறிங்க சார். சொந்தமா கொஞ்சம் தறி இருக்குதுங்க. அப்பா பாவு நூல் கொண்டாருவாரு, துணி கொண்டுபோய்ப் போடுவாரு. தறி ஓட்டறது அம்மாதானுங்க.”

“அந்தச் சத்தத்துல எப்படி இருக்கீங்க?”

“பழகிருச்சுங்க. அம்மாவுக்குத்தான் இப்பக் காது அவ்வளவாக் கேக்கறதில்லைங்க.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. தேடிக்கொண்டிருந்த சாவி கிடைத்தவரைப் போல இருந்தார். “இதுதாம்மா பதில். இதை வச்சுக்கிட்டா நீ போய் சேவை கீவைன்னு சொல்றே?” என்றார். அன்றைக்கே என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆங்கிலத்தில் ஒரு பதிலை எழுதித் தந்தார். அம்மாவின் மௌன உலகம், மகளின் குரலையே கேட்க முடியாத தாய், அந்தக் காதுகளுக்காக வெள்ளைக் கோட்டு அணியப்போகும் மகள் என்று அது போனது. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அதை மனப்பாடம் செய்தேன். கருமத்தம்பட்டி வருவதற்குள் நெஞ்சில் ஏறிவிட்டது. அவ்வளவு நல்ல ஆங்கிலம்.

எங்கள் தறிக்குடோன் வீட்டை ஒட்டியே இருக்கிறது. தறி ஓடும்போது அங்கே யாரும் கத்திப் பேசுவதில்லை, கத்தினாலும் பலனில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. சின்ன வயதிலிருந்தே எனக்கும் அது வரும். குடோனின் இந்தக் கோடியிலிருந்து நான் உதட்டை அசைத்தால் அந்தக் கோடியிலிருந்து அம்மா பதில் சொல்வாள். தறியை நிறுத்திய பிறகும் அவள் எங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது. வீட்டில் யாரும் அதைப் பேசியதில்லை.

மறுநாள் மத்தியானம் கண்ணாடி முன்னால் நின்று அந்தப் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் கையை எடுப்பது என்றெல்லாம் ஆசிரியர் சொல்லியிருந்தார். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

“காதத் தொட்டுத் தொட்டுக் காட்டறயே, ஆரப்பத்திச் சொல்றே?” என்றாள்.

பொய் சொல்ல வரவில்லை. அவள் பக்கம் திரும்பி, மெதுவாக, அது என்னவென்று தமிழில் சொன்னேன்.

அம்மா படியைத் தாண்டி உள்ளே வந்தாள். பிறகு, “எனக்குக் காது கேக்கும். தறிக்குள்ள ஆருக்குத்தான் கேக்குது?” என்றாள். 

“இல்லம்மா, நான் என்ன சொல்ல வர்றேன்னா…”

“என்னையச் செவிடின்னு காட்டித்தான் நீ சீட்டு வாங்கோணுமா? படிச்சுத்தான பரீட்சை எழுதுனே? அப்பறம் நான் எதுக்கு அங்க?”

எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பது என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் சொல்லும் எதுவும் அவளைப் போய்ச் சேராது. சாப்பாடு போட்டாள், துணி மடித்து வைத்தாள், எல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டே செய்தாள். நான் அவளைச் சுற்றிச் சுற்றிப் போய் முன்னால் நின்றேன். அவளும் சுற்றிச் சுற்றித் திரும்பிக்கொண்டாள். அப்பா இதைப் பார்த்துவிட்டு, “ரண்டு பேரும் என்ன, கோயில் பிரதட்சணமா?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

எனக்குக் கோபமும் வந்தது. அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லையே என்று நினைத்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க, அதில் இருந்ததெல்லாம் அம்மாதான் என்று தெரிந்தது. நான் அதில் எதையும் செய்திருக்கவில்லை. அவளுடைய காதை எடுத்துக்கொண்டுபோய் முன்பின் தெரியாத சிலரின் மேசைமேல் வைத்துவிட்டு, பதிலுக்கு ஓர் இடம் கேட்கப் போகிறேன். அவளிடம் கேட்கவும் இல்லை.

அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, அந்தப் பதில் வேண்டாம் என்று சொன்னேன்.

“அவங்களுக்குத் தெரியவா போகுது? கூட வந்து ரூமுக்குள்ள உக்காரப் போறாங்களா?”

“இல்லீங்க சார். ஆனா வேண்டாங்க.”

“அப்ப உன்கிட்ட வேற என்னம்மா இருக்கு?”

“இப்போதைக்கு ஒண்ணுமில்லீங்க. தேடிக்கறேனுங்க.”

அவர் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் குடோனுக்குள் போய் அம்மா ஓட்டிக்கொண்டிருந்த தறிக்கு எதிரே நின்றேன். அங்கே அவளால் முகத்தைத் திருப்ப முடியாது, நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடுகிற பக்கம் பார்த்தே ஆக வேண்டும். “உன்னையப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்” என்று உதட்டால் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். “அப்பறம் என்னத்தச் சொல்லுவே?” என்று அவள் உதடு கேட்டது. தெரியவில்லை என்று கையை விரித்தேன்.

உண்மையாகவே தெரியவில்லை. டாக்டராக வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு டாக்டரின் நாள் எப்படி இருக்கும் என்று நோயாளி உட்காரும் பெஞ்சிலிருந்து பார்த்ததைத் தவிர எதுவும் தெரியாது. முதலில் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊரில் ஒரு டாக்டரம்மா சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். போய்க் கேட்டேன். “இருக்கற கூட்டத்துல நீ வேறயா?” என்று அனுப்பிவிட்டார். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். கடைசியில் அவரே அலுத்துப்போய், “சரி, அங்க நின்னு டோக்கனக் கூப்பிடு. கூப்பிட்ட ஆள் வராம எனக்கு நேரம் போகுது” என்றார்.

ஆள் ஏன் வரவில்லை என்பது கொஞ்ச நேரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். கூப்பிட்டால் சிலர் திரும்பவே மாட்டார்கள். நான் வாசலில் நின்று கத்துவதை விட்டுவிட்டு, அவர்கள் முன்னால் போய் நின்று, மாஸ்க்கை இறக்கி, உதட்டை நன்றாக அசைத்து, “அண்ணா, உங்க நம்பருங்க” என்று சொல்ல ஆரம்பித்தேன். உடனே எழுந்து வந்தார்கள்.

ஒரு நாள் அப்பா வயதுள்ள ஒருவர் வந்தார். அவருக்குச் சர்க்கரை. மாத்திரை கொடுத்தும் குறையவில்லை. டாக்டரம்மா முகத்தில் மாஸ்க்கோடு, ரிப்போர்ட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டு போனார்.

“மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு சரியா சாப்பிடறீங்களா?”

தலையாட்டினார்.

“தலைசுத்தல் எதுவும் இல்லையே?”

தலையாட்டினார்.

“இல்ல, இருக்கா?”

அதற்கும் தலையாட்டினார். டாக்டரம்மா சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்தத் தலையாட்டலை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். கேள்வி முடிவதற்கு முன்பே அது வந்துவிடும். கூடவே ஒரு சின்னச் சிரிப்பும் வரும். கேட்கவில்லை என்று சொல்லி எதிரே இருப்பவரைச் சிரமப்படுத்தக் கூடாது, தானும் சிறுமைப்படக் கூடாது என்பதற்கான சிரிப்பு அது. என் வேலை டோக்கன் கூப்பிடுவது மட்டும்தான். ஆனாலும் போய் அவர் முன்னால் குனிந்து, என் மாஸ்க்கைக் கீழே இறக்கி, ஆமாம் இல்லை என்று தலையாட்டித் தப்பிக்க முடியாதபடி கேட்டேன்.

“அண்ணா, மாத்திரை எந்நேரத்துக்குங்க சாப்பிடுவீங்க?”

அவர் கண் என் உதட்டில் நின்றது. முகம் மாறியது.

“ரா ஷிப்ட்டு முடிச்சு ஊட்டுக்கு வந்துதானுங்க அம்மணி. ரண்டையும் ஒண்ணாப் போட்டுட்டுப் படுத்துக்குவேன். இல்லாட்டி ராத்திரி மாத்திரை மறந்துபோயிருது.”

“சாப்புட்டுப் போட்டா?”

“எங்கீங்க? எந்திரிச்சுத்தான் சாப்பாடு. எந்திரிக்கறப்பத்தான் கண்ணக் கட்டிக்கிட்டு வருது.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, தானும் மாஸ்க்கை இறக்கி, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, முதலிலிருந்து மறுபடியும் கேட்டார். வேலை நேரத்துக்குத் தகுந்தபடி மாற்றி எழுதிக் கொடுத்தார். அவர் போன பிறகு என்னிடம், “அவருக்குக் கேக்கலைன்னு எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

“தலைசுத்தல் இருக்குன்னும் ஆட்டுனாரு, இல்லைன்னும் ஆட்டுனாருங்க.”

அவர் சிரித்துவிட்டார். “அடுத்த டோக்கனக் கூப்பிடு” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் டாக்டராக வேண்டும் என்றால் இதற்காகத்தான். அந்த மனிதர் என் உதட்டைப் பார்த்து வாயைத் திறந்த அந்த நொடியில் நோய் என்னவென்று வெளியே வந்ததே, அதை வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டும். இது நானே நின்று பார்த்தது, நானே செய்தது. யாரிடமும் இரவல் வாங்கவில்லை.

பதிலை நானே எழுதினேன். என் ஆங்கிலம் ஆசிரியருடையதைப் போல இல்லை. வாக்கியங்கள் குட்டைகுட்டையாக இருந்தன. இனி கண்ணாடி வேண்டாம் என்று அம்மாவையே எதிரே உட்காரவைத்தேன். முதலில் தமிழில் சொன்னேன். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். கிளினிக்குக்கு வந்தவரைப் பற்றி நான் சொன்ன இடத்தில் அவள் பார்வை ஒரு கணம் விலகிப் போய், திரும்பி வந்தது.

“அவசரப்படறே. பாதி முழுங்கிப்போடறே. மறுக்காச் சொல்லு” என்றாள்.

மறுபடியும் சொன்னேன். பிறகு அவளே ஒரு கேள்வி கேட்டாள்.

“வெளியில அத்தனை பேரு நிக்கறப்ப, ஒருத்தருகிட்டயே இப்படிக் குனிஞ்சு நின்னு பேசீட்டிருப்பியா? மத்தவங்க சும்மா இருப்பாங்களா?”

எந்த மாதிரிக் கேள்வித்தாளிலும் அது இல்லை. “தெரியலம்மா” என்றேன். “யோசி” என்று சொல்லிவிட்டுத் தறி ஓட்டப் போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் பயிற்சி நடந்தது. ஆங்கிலத்தில் சொல்லும்போது அவளுக்கு வார்த்தை புரியாது. ஆனால் நான் எந்த இடத்தில் நம்பாமல் சொல்கிறேன் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள். அந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டேன்.

நேர்முகத்துக்கு அப்பா கூட வந்தார். வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் நரைத்த தலையோடு ஒரு டாக்டர். அந்தக் கேள்வி முதலிலேயே வந்தது. அந்த மனிதரைப் பற்றிச் சொன்னேன். ஆமாம் இல்லை என்று பதில் வரும்படியான கேள்வியை விட்டுவிட்டு வேறு மாதிரி கேட்டதையும் சொன்னேன். கூட்டம் நிறைய இருந்தால் என்ன செய்வேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, அதையும் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்றேன்.

நடுவில் இருந்தவர் முன்னால் சாய்ந்தார். எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

“இது ஒரே நாளில் வருகிற பழக்கம் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது கேட்காதா?”

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆசிரியர் எழுதிக் கொடுத்த பதில் முழுதாக, ஒரு வார்த்தை விடாமல் நாக்கின் நுனிக்கு வந்தது.

“அதைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி இல்லை, சார்” என்றேன்.

“யாருடைய அனுமதி?”

“அது யாருடைய உடம்போ அவருடைய அனுமதி.”

“சொன்னால் உங்களுக்கு உதவியாக இருக்கலாம்.”

“தெரியும், சார். ஆனாலும் முடியாது.”

என் குரல் நடுங்கியது. அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மையார் ஏதோ எழுதினார். பிறகு ரத்தசோகை பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள், உளறினேன். இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் என்று கேட்டார்கள். அடுத்த வருடமும் இதே நாற்காலிக்கு வருவேன் என்றேன். அதில் மட்டும் நடுக்கம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, “என்னையக் கேட்டாங்களா?” என்றாள்.

“கேட்டாங்க.”

“என்ன சொன்னே?”

“சொல்ல முடியாதுன்னு சொல்லிப்போட்டேன்.”

அம்மா தட்டில் சோற்றைப் போட்டு என் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் என் பெயரும் இருந்தது. இரண்டாம் வருடம் படிக்கும்போது விடுதிக்கு என்னைப் பார்க்க வந்த அம்மா, கிளம்புகிற நேரத்தில், “இங்க காது பாக்கறவங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். நான் கூடப் போனேன், ஆனால் உள்ளே பேசியது அவள்தான். எத்தனை காலமாக, எந்தப் பக்கம் அதிகம், எல்லாவற்றையும் அவளே சொன்னாள். இப்போது இதையெல்லாம் எழுதலாமா என்று நான் கேட்டதற்கும், “இனி எழுதிக்க, எனக்கென்ன” என்றாள்.

காதுக்கு மெஷின் வந்தது. தறிக்குடோனில் அதைக் கழற்றி வைத்துவிடுவாள். கல்யாண மண்டபத்திலும் கழற்றிவிடுவாள், மேளம் பொறுக்க முடியவில்லையாம். முதல் நாள் அதை மாட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, “அம்மா, கேக்குதா?” என்றேன்.

அவள் என் உதட்டைப் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தாள்.

“உன்ற கொரலு இப்படியா கண்ணு இருக்குது? பள்ளிக்கூடம் போறப்ப இருந்த கொரலையே நான் இத்தனை நாளா நெனச்சிட்டிருந்தேன்” என்றாள். “இன்னும் ஏதாச்சும் பேசு.”

ஊருக்குப் போகிற பேருந்து எத்தனை மணிக்கு, எங்கே மாற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.