ஜோயல் சொல்லாத பெயர்

அச்சரப்பாக்கத்தில் நாற்று நட்டுப் பிழைத்த சந்திரம்மாவின் மகன் ஜோயல், தன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வேலை கேட்டுப் போன பள்ளிக்கூடத்தில் அவர் ஆங்கிலத்தில் தப்பில்லை என்றார்கள். ஆனால் பேச்சின் ஓசை சரியில்லை, பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்கள். அதன்பின் இரண்டு வருடம் டிவியில் செய்தி வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசித்து நாக்கைத் திருத்திக்கொண்டார். இப்போது நாற்பத்திரண்டு வயதில், ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பக்கம் மருந்துக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துகிறார்.

போன மாதம் ஜுமா வேலை கேட்டு வந்தான். தான்சானியாக்காரன், பக்கத்துக் கல்லூரியில் மேற்படிப்பு. மூன்று வருடத்தில் தமிழும் ஓரளவு பேசப் பழகியிருந்தான். ஃபைலைப் புரட்டிய ஜோயல், ஆங்கிலத்தில் தப்பில்லை, ஆனால் பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அது யாரிடம் கேட்ட வார்த்தை என்று உறைத்தது. உறைத்தும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஜுமா கோபப்படவில்லை. அந்த ஆங்கிலத்தில் எங்கள் சொற்களும் இருக்கின்றன என்று சிரித்தபடி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். சஃபாரி அவனுடைய சுவாஹிலியில் பயணம். சிம்பன்சி காங்கோ பக்கத்து மொழியிலிருந்து போனது. வெண்டைக்காய்க்குச் சொல்லும் ஓக்ரா மேற்கு ஆப்பிரிக்காவினுடையது. போகும்போது ஃபைலை மறந்து வைத்துவிட்டான்.

பெற்றோர் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, ஜோயல் அந்தச் சொற்களைப் பலகையில் எழுதினார். பையிலிருந்து ஒரு வெண்டைக்காயை எடுத்துக் காட்டி, இதன் ஆங்கிலப் பெயர் எந்த ஊர்க்காரர்கள் கொடுத்தது தெரியுமா என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போதுதான் கதவருகே, கழற்றிப் போட்ட செருப்புகளுக்குப் பின்னால், ஃபைல் வாங்க வந்த ஜுமா நிற்பதைப் பார்த்தார்.

முன் வரிசையிலிருந்த துர்காதேவி, ஒரு மாணவியின் அம்மா, கேட்டாள்: "இன்னா சார், இதெல்லாம் எந்த புக்குல கீது?"

கதவுப் பக்கம் கை காட்டினால் போதும்.

"நெறைய படிக்கணும்மா," என்றார் ஜோயல்.

பொய் என்று அதைச் சொல்லிவிட முடியாது. அதனாலேயே அது பொய்யைவிட மோசமாக இருந்தது.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு ஜுமா உள்ளே வந்து ஃபைலை எடுத்துக்கொண்டான்.

"நல்லா சொன்னீங்க சார்," என்றான் தமிழில். கிண்டல் துளியும் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் ஜோயல் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். படியில் செருப்புச் சத்தம் ஓயும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

மறுநாள் வகுப்புக்குச் சீக்கிரமே வந்தார். பலகையில் அந்தச் சொற்கள் அப்படியே இருந்தன. அவற்றின் கீழே 'சொன்னவர்: ஜுமா' என்று எழுதினார். தள்ளி நின்று பார்த்தார். முதல் மாணவி படியேறி வரும் சத்தம் கேட்டதும், உள்ளங்கையால் அந்த ஒரு வரியை மட்டும் துடைத்தார்.